கை நடுங்காத ஒரு படம்

அந்த வருடங்களில் என் ஸ்டூடியோவுக்கு ஆசைப்பட்டுப் படம் எடுக்க வந்தவர்கள் குறைவு. அடையாள அட்டைக்கு வந்தார்கள். பயணப் பாஸுக்கு வந்தார்கள். காணாமல் போன பிள்ளையின் சின்னப் படத்தைப் பெரிதாக்க வந்தார்கள். ஸ்டூலில் உட்காரவைத்து, நாடியைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லி, இரண்டு காதும் தெரிகிறதா என்று பார்த்து எடுத்து அனுப்புவேன். சிரிக்கக் கூடாது என்று ஒருவருக்கும் நான் சொல்லவேண்டி வந்ததில்லை.

ஸ்டூடியோ அண்ணனுடையது. ஆமியின் ஒரு சுற்றிவளைப்புக்குப் பிறகு அவர் மட்டக்களப்பில் இருக்கப் பயந்து கொழும்புக்குப் போனார், அங்கிருந்து வெளிநாடு போனார். கமராக்களும் இருட்டறையும் நானும் மிஞ்சினோம். எனக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. சின்ன வயதிலிருந்தே அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று படம் கழுவியதால் வேலை கைவந்திருந்தது. ஒரு பொம்பிளை தனியாக ஸ்டூடியோ நடத்துகிறாள் என்று முதலில் ஊரில் கதைத்தார்கள். ஆம்பிளைகள் குறைந்துகொண்டே போன ஊரில், கொஞ்ச நாளில் அதைக் கதைக்கவும் ஆள் இல்லாமல் போனது.

ஒரு நிவாரண நிறுவனத்தில் வேலை செய்த பெண் உத்தியோகத்தர் ஒருநாள் வந்தார். இடம்பெயர்ந்த சனம் வாவிக்கரையில் குடிசை போட்டு இருக்கிற ஒரு இடத்தைச் சொன்னார். அங்கே கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் காய்ச்சுகிறார்கள், காய்ச்சுகிறவர்களே குடிக்கிறார்கள், பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள். ஏதாவது செய்யவேண்டும், அதற்கு முதலில் வெளியே இருக்கிறவர்களுக்குக் காட்டப் படம் வேண்டும் என்றார்.

“ஆம்பிளையள் கமராவோட போனா ஆமியும் இயக்கமும் ரெண்டு பக்கமும் சந்தேகப்படுவாங்க. நீங்க போனா பொம்பிளையள் வாய் திறப்பாங்க” என்றார்.

நான் ஓம் என்றேன். நாள் முழுக்க முகங்களை ஒரே அளவில் வெட்டிக்கொண்டிருந்தவளுக்கு வெளிச்சத்தில் போய்ப் படம் எடுக்க ஆசையாக இருந்தது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

நிறுவனம் ஒரு கடிதம் தந்தது. அதை ஆமிக்காரரிடம் காட்டிக் காட்டிச் சைக்கிளில் போனேன். கண்டல் மரங்களை வெட்டிய சேற்று நிலத்தில் தென்னோலைக் கிடுகும் நீலத் தறப்பாளுமாகக் குடிசைகள். எல்லாரும் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்தவர்கள், வயலில் கூலி செய்தவர்கள். சண்டை வந்தபோது தோணியில் இக்கரைக்கு வந்து, வந்து இறங்கிய இடத்திலேயே இருந்துவிட்டார்கள். எதிரே நீர்ப்பரப்பு, அதற்கு அப்பால் ஒரு பச்சைக் கோடு. அந்தக் கோடுதான் அவர்களுடைய ஊர். பார்க்கலாம், போக முடியாது.

முதல் சில தடவை நான் கமராவை வெளியே எடுக்கவேயில்லை. என்னைக் கண்டதும் ஆம்பிளைகள் குடிக்கிற தகரப் பேணியைச் சாரத்துக்குள் ஒளித்துக்கொண்டு எழும்பிப் போனார்கள். பொம்பிளைகள் நிவாரணம் எப்போது வரும் என்று மட்டும் கேட்டார்கள்.

ஒருத்தி மட்டும் எழும்பவில்லை. கண்டல் பத்தைக்குப் பக்கத்தில் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். அடுப்பில் ஒரு தகரப் பீப்பாய். சீனியும் ஈஸ்ட்டும் போட்டுப் புளிக்கவைத்த கோடா அதற்குள் கொதிப்பதற்குக் காத்திருந்தது. அதன் நாற்றம் தூரத்திலேயே மூக்கில் ஏறும். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும், ஆனால் பாதிப் பல் போய், கன்னம் ஒட்டி, என் தாயைப் போல இருந்தாள்.

“என்னகா, படம் புடிக்க வந்தா புடிச்சிட்டுப் போவன். என்னத்துக்கு மரம் மாதிரி நிக்கிற?”

“ஏசுவீங்களோ எண்டு பயமா இரிக்கு அக்கா.”

“மூஞ்சி வேணாம். கையப் புடி. கைக்கு ஒரு பேரும் இல்ல.”

நான் குந்தினேன். அவள் நெருப்புப்பெட்டியை எடுத்தாள். குச்சி பெட்டியில் படவில்லை. பட்டபோது முறிந்தது. அடுத்ததைப் பற்றவைத்தாள், அடுப்புக்குக் கொண்டுபோவதற்குள் நடுக்கத்தில் அணைந்தது. பிறகு பக்கத்தில் இருந்த பேணியை இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்து வாயைப் பேணிக்குக் கொண்டுபோய்க் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு ஒரே குச்சியில் அடுப்பை மூட்டினாள்.

அன்று எடுத்த படங்களில் கைகள் கலங்கித்தான் விழுந்தன. உத்தியோகத்தர் பார்த்துவிட்டு, “கை தெளிவில்லாம இரிக்கே” என்றார். கை அப்படித்தான் இருந்தது என்றேன்.

அதன் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருடம் அங்கே போய்வந்தேன். பலரையும் எடுத்தேன். இரவில் வாவியில் இறங்கத் தடை வந்ததால் வலையைக் கூரைக்கு மேல் போட்டுவிட்டுக் காலையிலிருந்தே குடிக்கிற மீன்பிடிகாரரை எடுத்தேன். தகப்பன் விழுந்து கிடக்கிற வாசலைத் தாண்டிக் கால்வைத்துப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை எடுத்தேன். ஆனால் போகிற ஒவ்வொரு முறையும் கடைசியில் அவளுடைய குடிசையில்தான் வந்து நின்றேன்.

அவளுடைய கதையை அவள் ஒரே மூச்சில் சொல்லவில்லை. துண்டு துண்டாக, அடுப்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள். கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் ஒரு சின்ன ஊர். புருசன் வயல்வட்டைக்குள் கூலிக்கு நெல் வெட்டப் போவான். ஒருநாள் வேளாண்மைக் காவலுக்குப் போனவன் ஷெல் பட்டுச் செத்தான். அவள் மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு இக்கரைக்கு வந்தாள். வந்து அதிக நாள் ஆகவில்லை, சுற்றிவளைப்பு. ஆம்பிளைகள் எல்லாரையும் வெயிலில் வரிசையாக நிறுத்தி, ஆள்காட்டுவதற்காகச் சாக்கால் முகத்தை மூடி நிறுத்திய ஒருவனுக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். அவளுடைய மகன் முன்னால் வந்தபோது அந்தச் சாக்குத் தலை ஆடியது. அவனை லொறியில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு எந்த முகாமில் கேட்டாலும் அப்படி ஒரு ஆள் இல்லை என்றார்கள்.

கசிப்புக் காய்ச்ச ஆள் தேடினவர்கள் பொம்பிளைகளைத்தான் பிடித்தார்கள். பொம்பிளை அடுப்படியில் இருந்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அந்த இடத்தில் வேறு வேலையும் இல்லை.

“முதல்ல நான் காய்ச்சத்தான் செய்தன். வாயிலயும் வெக்கல்ல. மறுகா ஒருநாள் ருசி பாக்கச் சொன்னாங்க, ஒள்ளுப்பம், ஒரு மிடறு குடிச்சன். அண்டைக்குத்தான் நித்திர வந்த.”

“இப்பவும் நித்திரைக்குத்தான் குடிக்கிறீங்களா அக்கா?”

“குடிக்காட்டி லொறிச் சத்தம் கேக்குது புள்ள” என்றாள்.

அவளுடைய மகளுக்கு அப்போது பதினேழு வயது. நிறுவனம் நடத்திய தையல் வகுப்புக்குப் போய்வந்தாள். குடிசைக்குள் அவளுடைய மூலை மட்டும் கூட்டித் துடைத்து, புத்தகங்கள் ஒரு பெட்டிக்கு மேல் அடுக்கி, தனியாக ஒரு வீடு மாதிரி இருக்கும். நான் வந்தால் அவள் வெளியே போய்விடுவாள். ஒருநாள் போகவில்லை. தாய் பாயில் வாய் திறந்து கிடந்தாள், கிடுகு இடுக்கால் வந்த வெளிச்சம் அவளுடைய கழுத்தில் விழுந்திருந்தது. நான் கமராவைத் தூக்கினேன். மகள் குறுக்கே வந்து நின்றாள்.

“எங்கட அம்மாவ ஏன் படம் புடிக்கிறீங்க?”

“அம்மாட்டக் கேட்டுத்தான் தங்கச்சி புடிக்கிறன்.”

“அவ வெறியில ஓம் எண்டுவா. வெறி இல்லாத நேரம் கேட்டீங்களா?”

“வெறி இல்லாத நேரம் எப்ப?”

நான் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன். ஆனால் அவளுடைய முகம் சுண்டிப்போனது.

“விடிய எழும்பின கையோட. வாயில வெக்கிறதுக்கு முதல் கொஞ்ச நேரம். அப்பதான் எங்கட அம்மா அம்மாவா இரிப்பா” என்றாள். பிறகு கேட்டாள்: “இந்தப் படத்தப் பாத்திட்டு ஆராவது வந்து அம்மாட குடிய நிப்பாட்டுவாங்களா அக்கா?”

“தெரியா.”

“தெரியாட்டி பரவாயில்ல. பொய் சொல்லாம விட்டீங்களே” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அடுத்த முறை ஊரடங்கு எடுத்தவுடன் விடிய வெள்ளனப் போனேன். தாய் தறப்பாளுக்கு வெளியே குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். உடம்பு முழுக்க ஆடியது. பேணி இன்னும் காலியாகத்தான் இருந்தது. மகள் சொன்னதைச் சொல்லி, படம் எடுக்கட்டுமா வேண்டாமா என்று கேட்டேன்.

பல் அடிக்க அடிக்கச் சொன்னாள். “எடு. நான் செத்தா என்னப் பத்திப் பறைய அவளுக்கு வெக்கமா இரிக்கும். நீ வெச்சிரு. இப்பிடி ஒருத்தி இருந்தாள் எண்டு ஒரு இடத்திலயாவது இரிக்கட்டும்.”

அன்றுதான் முதல் தடவை முகத்தை எடுத்தேன்.

மகளுக்குச் சம்பந்தம் ஒன்று வந்தது. தையல் வகுப்புக்குப் பக்கத்தில் கட்டட வேலை செய்த மேசன் பொடியன், செட்டிபாளையத்துக்காரன், பெட்டையைக் கண்டு பிடித்துப்போய்த் தாயை அனுப்பினான். அந்தக் காலத்தில் பதினேழு வயதுப் பெட்டையை வீட்டில் வைத்திருக்க எல்லாரும் பயந்தார்கள். அக்கரையில் இருந்த இயக்கம் போராட வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டது. இக்கரையில் ஆமிக்காரர் எப்போது எதற்கு வருவார்கள் என்று தெரியாது. தாலி கழுத்தில் இருந்தால் கொஞ்சம் தப்பலாம் என்று ஒரு நம்பிக்கை.

மாப்பிள்ளையின் தாய் நல்ல மனுசி. வீடு வளவு கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். “புள்ள தங்கமான புள்ள. தாயப் பத்தித்தான் கேள்வி. எங்கட சொந்தக்காரங்க வருவாங்க. தாலிகட்டு அண்டைக்காவது அவ சுயபுத்தியோட நிக்கட்டும்.”

அடுத்த நாள் பெட்டையின் தாய் என் ஸ்டூடியோவுக்கு நடந்து வந்தாள். அவள் அந்த வாவிக்கரையை விட்டு வெளியே வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தோய்த்த சேலை கட்டியிருந்தாள். வேர்வை ஊற்றியது. அடையாள அட்டைக்கு வந்தவர்கள் மணம் தாங்காமல் தள்ளி உட்கார்ந்தார்கள்.

“நிப்பாட்டப் போறன்” என்றாள். “எண்ட தாய் எனக்கு வளவும் வீடும் தந்தா. மாப்பிள்ள எங்கட வீட்டுக்குத்தான் வந்தாரு. நான் எண்ட புள்ளய இன்னொரு ஊருக்கு அனுப்புறன். குடுக்க ஒண்டும் இல்ல. அவளுக்குப் பக்கத்தில நேரா நிண்டு ஒரு படம். அத நீ எடுத்துத் தரணும். அவள் கொண்டுபோகட்டும்.”

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். வீட்டை மகளுக்குக் கொடுக்காத தாய்க்கு அது எவ்வளவு பெரிய குறை என்று எனக்குத் தெரியும். எனக்கும் கண் கலங்கியது. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, ஏலும் அக்கா, கட்டாயம் ஏலும் என்றேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பாதி சேலையில் சிந்தியது.

அன்றிலிருந்து அவள் அடுப்படிக்குப் போகவில்லை. மகள் அவளுக்குக் கஞ்சி கொடுத்துப் பக்கத்திலேயே இருந்தாள். அடுத்த நாள் குடித்த கஞ்சியெல்லாம் சத்தியெடுத்தாள். அதற்கு அடுத்த நாள், உடம்பில் எறும்பு ஊருகிறது என்று தோலைக் கீறினாள். மூன்றாம் நாள் மத்தியானம் போல் பக்கத்துக் குடிசைப் பொம்பிளை ஒருத்தி ஸ்டூடியோவுக்கு ஓடி வந்தாள். நான் கதவைப் பூட்டிவிட்டுச் சைக்கிளை மிதித்தேன்.

அவள் வாவிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். இன்னும் உள்ளே போகப் பார்த்தாள். மகள் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சேற்றில் காலூன்றி இழுத்தாள். பக்கத்துக் குடிசை வலைக்கார மனுசன் ஒருவரும் இறங்கியிருந்தார்.

“அங்க நிக்கான் புள்ள, தம்பி நிக்கான். தண்ணிக்க நிக்கான். சட்ட போடாம நிக்கான், குளிருது அவனுக்கு.”

“அங்க ஒருத்தரும் இல்லம்மா. கண்டல்மா. கண்டல் மரம்.”

நானும் இறங்கினேன். எல்லாருமாகக் கரைக்கு இழுத்தோம். கரைக்கு வந்ததும் அவளுடைய உடம்பு விறைத்து வெட்டியது, வாயில் நுரை வந்தது. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டி ஒன்றில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கையசைத்து விட்டான்.

வைத்தியர் இளம் ஆள். களைத்துப்போயிருந்தார்.

“எவ்வளவு காலமாக் குடிக்கிறா?”

மகள் சொன்னாள்.

“எப்ப நிப்பாட்டினவ?”

அதையும் சொன்னாள்.

“இவ்வளவு குடிச்ச ஆள் ஒரேயடியா நிப்பாட்டக் கூடாதம்மா. நிப்பாட்டினாலே உயிர் போகும். மருந்து குடுத்துக் குடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். ஆஸ்பத்திரியில வெச்சுப் பாக்கணும்.”

வைத்துப் பார்த்தார்கள். கட்டில் இல்லை, கட்டிலுக்குக் கீழே பாய். ஊசிக்குப் பிறகு அவள் நன்றாக நித்திரை கொண்டாள். மகள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நித்திரையில் அந்த முகம் இவ்வளவு அமைதியாக இருந்து தான் பார்த்ததில்லை என்று என்னிடம் சொன்னாள். அவளுடைய குரலில் அன்று ஒரு நம்பிக்கை இருந்தது. எனக்கும் இருந்தது.

அந்த நம்பிக்கை இரண்டாம் நாள் பின்னேரத்தோடு போனது. அக்கரையில் சண்டை. காயக்காரர்களை லொறி லொறியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். பாயில் கிடந்தவர்கள் எழும்பி இடம்விடவேண்டி வந்தது. வைத்தியர் கொஞ்சம் குளிசை தந்து, முடிந்ததும் வந்து வாங்கச் சொன்னார். முடிந்தபோது பாதை பூட்டியிருந்தது. பாதை திறந்தபோது ஆஸ்பத்திரியிலேயே அந்த மருந்து தீர்ந்துபோயிருந்தது. வாவிக்கரைக்கு வந்து இரண்டு நாளில் அவள் பழையபடி அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

“ஒள்ளுப்பம்தான் குடிக்கிறன். தாலிகட்டு அண்டைக்குக் குடிக்கமாட்டன்” என்று என்னைக் கண்டதும் சொன்னாள். நான் கேட்கவேயில்லை.

தாலிகட்டு ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில், காலை நேரம். மகள் காத்தான்குடிக் கடையில் வாங்கிய சிவப்புக் கூறை கட்டியிருந்தாள். நிறுவனத்தில் வேலை செய்த பெண்கள் பூ வாங்கி வந்திருந்தார்கள். மாப்பிள்ளைப் பகுதி ஒரு வான் பிடித்து வந்து இறங்கியது. சிரித்த முகமான மனிதர்கள். தாய் கோயில் தூணில் சாய்ந்து நின்றாள். என்னுடைய பட்டுச் சேலை ஒன்றைக் கட்டக் கொடுத்திருந்தேன். முதல் நாள் பின்னேரத்திலிருந்து அவள் ஒன்றும் குடிக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள்.

அதனால் அவளால் நிற்க முடியவில்லை. தாம்பாளத்தைக் கையில் கொடுத்தார்கள், தேங்காயும் வெற்றிலையும் தாம்பாளத்துக்குள் தடதடவென்று ஆடின. ஐயர் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளையின் தாய் வேறு பக்கம் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருக்கவேண்டும் என்று பார்த்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது. தாயின் நெற்றியில் வேர்வை பொங்கியது. கண் எங்கேயோ நிலைகுத்தத் தொடங்கியது. தண்ணீருக்குள் நின்ற அன்று பார்த்த அதே கண்.

மகள் அதைக் கண்டாள். மணவறையில் உட்காரவேண்டியவள் சட்டென்று வந்து தாயின் கையைப் பிடித்து, “அம்மாக்கு முகம் கழுவணும்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, கோயிலுக்குப் பின்னால் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். போகும்போது என்னைப் பார்த்தாள். நானும் பின்னால் போனேன்.

அவள் கூறைச் சேலையின் மடிப்புக்குள் கையைவிட்டு ஒரு சின்ன மருந்துப் போத்தலை எடுத்தாள். மூடியைத் திறந்ததும் மணம் வந்தது. அவளே வரும்போது கொண்டுவந்திருக்கிறாள். இப்படி ஆகும் என்று அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

“குடிம்மா.”

தாய் தலையை ஆட்டினாள். “வேணாம். அண்டைக்குச் சொன்னனே புள்ள, குடிக்கமாட்டன் எண்டு சொன்னனே.”

“குடிம்மா. ஒள்ளுப்பம். எனக்காகக் குடி.”

மாப்பிள்ளைப் பகுதிப் பொம்பிளைகள் இரண்டு பேர் கிணற்றடிப் பக்கம் வருவது தெரிந்தது. நான் என் முந்தானையை விரித்துப் பிடித்து, சேலையைத் திருத்திக் கட்டுகிற மாதிரி தாயையும் மகளையும் மறைத்து நின்றேன். எனக்குப் பின்னால் விழுங்குகிற சத்தம் கேட்டது. போத்தல் பல்லில் அடிபடுகிற சத்தம் கேட்டது. பிறகு பல்லில் அடிபடுவது நின்றது. மகள் மூக்கை உறிஞ்சினாள். ஒரு கராம்பைத் தாயின் வாயில் போட்டாள்.

“சப்பும்மா. நல்லாச் சப்பு.”

கொஞ்ச நேரத்தில் அவள் நிமிர்ந்தாள். நான் என் கண்ணால் பார்த்தேன், முகத்தில் இரத்த ஓட்டம் வந்தது, தோள் இறங்கியது. தாம்பாளத்தை வாங்கி ஆடாமல் பிடித்துக்கொண்டு மணவறையைச் சுற்றி வந்தாள். தாலி ஏறியது. பிறகு கோயில் வாசலில் மகளுக்குப் பக்கத்தில் நேராக நின்றாள். நாடியை உயர்த்தச் சொல்லவேண்டியிருக்கவில்லை. நான் எடுத்தேன்.

நான் எடுத்த படங்களில் அவள் நன்றாக இருக்கிற படம் அது ஒன்றுதான். பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். உத்தியோகத்தர் கூட, “பாருங்க, மனசு வெச்சா மாறலாம் எண்டதுக்கு இது சாட்சி” என்று அறிக்கையில் போடக் கேட்டார். நான் அதைக் கொடுக்கவில்லை. அது கல்யாணப் படம், அவர்களுடையது என்று சொல்லிவிட்டேன். கைகளைக் கொடுத்தேன்.

அறிக்கை வந்தது. வழவழப்பான தாள். கைகளின் படம் முதல் பக்கத்தில். கொஞ்ச நாள் வாவிக்கரையில் பாய் பின்னப் பழக்கினார்கள், கூட்டம் வைத்தார்கள், பிள்ளைகளுக்குப் பால்மா கொடுத்தார்கள். பிறகு அக்கரையில் பெரிய சண்டை தொடங்கி, புதிதாக ஆயிரக்கணக்கில் சனம் வந்தது. நிறுவனம் அந்தப் பக்கம் போனது. போகத்தான் வேண்டும், அந்தச் சனத்துக்கு மரநிழல்கூட இல்லை. வாவிக்கரைக்குத் திரும்பி வர அவர்களுக்கு நேரம் கிடைக்கவேயில்லை.

மகள் செட்டிபாளையம் போன பிறகு தாய்க்கு நிறுத்தக் காரணம் இல்லாமல் போனது. நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். கமரா கொண்டுபோகவில்லை, சோறு கொண்டுபோனேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மூடி வைப்பாள். கண் மஞ்சளாகியது. கால் வீங்கியது, பிறகு வயிறு வீங்கியது. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால், “போய்? மறுகா இஞ்சதானே வரணும்” என்பாள். மகளிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். மகளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. அவள் ஒருமுறை வந்துபோனாள். அன்று தாய் போர்வையால் கழுத்துவரை மூடிக்கொண்டு, காய்ச்சல் என்றாள்.

ஒரு காலை, கண்டல் பத்தைக்குப் பக்கத்தில் அவள் விழுந்து கிடந்ததாகச் சொன்னார்கள். நான் போனபோது குடிசைக்குள் கிடத்தியிருந்தார்கள். பாதையில் எங்கேயோ கண்ணிவெடி வெடித்து, செட்டிபாளையப் பக்கம் போக்குவரத்து இல்லை. செய்தி அனுப்பவும் வழி இல்லை. வெயில் ஏற ஏற வைத்திருக்க முடியாது என்றார்கள். அயலவர்கள் நாலு பேர் தூக்கிப்போய்ப் புதைத்தார்கள். வலைக்கார மனுசன் கொள்ளிவைக்கிறவன் செய்யவேண்டியதைச் செய்தார். அன்று அவர் குடிக்கவில்லை. அவருடைய கையும் நடுங்கியது.

பாதை திறந்து மகள் வந்தபோது ஒரு மண்மேடுதான் இருந்தது. என்னிடம் அவள் அழவில்லை. முப்பத்தோராம் நாள் படையலுக்கு வைக்கப் படம் வேண்டும் என்று ஸ்டூடியோவுக்கு வந்தாள். கல்யாணப் படத்தில் தாயை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அவள் அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்து நிறைய நேரம் பார்த்தாள்.

“இதில அம்மா குடிச்சிரிக்கா எண்டு தெரியுதா அக்கா?”

“இல்ல.”

“உண்மையா?”

“உண்மையா. ஒருத்தருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே” என்றாள். “நான்தானே குடுத்தன்.”

குடுக்காவிட்டால் அம்மா அங்கேயே விழுந்திருப்பா என்றேன். வைத்தியர் சொன்னதைத் திரும்பச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். தலையாட்டினது நம்பியதால் அல்ல என்று தெரிந்தது. படத்தைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு பஸ்சுக்குப் போனாள்.

அதற்கு அடுத்த வருடம் நான் செட்டிபாளையம் போனேன். குழந்தையைப் பார்க்கப் போனது. பொம்பிளைப் பிள்ளை, கொழுத்த கன்னம். மாமியார் மீன் பொரித்து, சோறு ஆக்கி, இருந்து சாப்பிடச் சொன்னாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். சாப்பிடும்போது மாப்பிள்ளை உள்ளே வந்து, என்னைக் கண்டு சிரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனார். மத்தியானம். அந்த மணம் எனக்குத் தெரியாததல்ல.

மாமியார் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். மகள் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“சீமெந்து வாறல்ல அக்கா. மேசன் வேலை ஒண்டும் இல்ல. கடலுக்குப் போவமெண்டா அங்கயும் தடை. பகல் முழுக்கச் சும்மா இரிக்காரு. கேட்டா, ஒள்ளுப்பம்தான் குடிக்கிறன் எண்டு சொல்றாரு.”

“நீ என்ன சொன்னாய்?”

“என்னத்தச் சொல்ற?” என்றாள். “நீங்க சாப்பிடுங்க. மீன் ஆறுது.”

ஊரடங்குக்கு முன் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதால் கடைசி பஸ்சுக்கு அவசரமாக எழும்பினேன். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டுவரை வந்தாள். பஸ் நிறையச் சனம். ஒரு காலை வைக்கத்தான் இடம் இருந்தது. திரும்பிக் கையசைக்க முடியவில்லை.